மீன் பெட்டிக்கு ஒரு லோகோ: டெலிவரி சேவைக்கு அடையாளம் வரையும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் சிறு சேவைகள் பெருகிவிட்டன. அவற்றின் லோகோக்களில் பாதிக்கு மேல் இறக்கை முளைத்த ஸ்கூட்டர். மீதியில் காற்றைக் கிழிக்கும் மூன்று கோடுகள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று முதலாளிக்கே தெரியாது.

பயிற்சிக்காக ஒரு கற்பனைச் சேவையை எடுத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் வாங்கிய மீனை ஐஸ் பெட்டியில் வைத்து, முள்ளோடை எல்லையைத் தாண்டி, புதுச்சேரி வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை. பெயர் ‘படகு’. கட்டம் போட்ட நோட்டு, பென்சில், கணினியில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் இருந்தால் போதும்.

படி 1: வாக்குறுதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘வேகம், தரம், நம்பிக்கை’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். வாடிக்கையாளர் கதவைத் திறந்ததும் தானே சரிபார்க்கக்கூடிய ஒன்றை எழுதுங்கள். நம் சேவைக்கு இது: ‘காலையில் வாங்கிய மீன், ஐஸ் உருகுவதற்குள் உங்கள் வீட்டில்.’ இதில் வேகமும் இருக்கிறது. ஆனால் மையத்தில் நிற்பது பெட்டியும் பத்திரமும்தான். ஆகவே ஸ்கூட்டர் வேண்டாம்.

படி 2: பெரிய நிறுவனங்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்

கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் லோகோவை எல்லோரும் காட்டுவார்கள். லேண்டர் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் லிண்டன் லீடர் 1994இல் வடிவமைத்தது. ஆங்கிலப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறியாகிறது. அம்பை யாரும் தனியாக வரையவில்லை. எழுத்துகளின் விளிம்புகளைச் செதுக்கியதில் அது பிறந்தது. அதே பெயரைத் தமிழில் தட்டச்சு செய்தால் அம்பு காணாமல் போய்விடும். அரபு வடிவத்துக்கு எழுத்துகளைப் புதிதாக அமைத்து, அந்த மொழி ஓடும் திசையிலேயே அம்பை வைத்திருக்கிறார்கள். தமிழில் செய்பவர்களும் அதுபோலத் தமிழ் எழுத்தின் வளைவுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பானின் பார்சல் நிறுவனமான யமாட்டோவின் லோகோ. கறுப்புத் தாய்ப்பூனை குட்டியை வாயில் கவ்விச் செல்லும் படம். 1957இல் வந்தது, வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் அமெரிக்க நிறுவனமான அலைடு வேன் லைன்ஸின் பூனைச் சின்னத்திலிருந்து எடுத்தாண்டது. சக்கரம் இல்லை, இறக்கை இல்லை. பல்லுக்கு நடுவே குட்டி இருந்தும் ஒரு கீறல்கூட விழாது என்பதுதான் செய்தி. வீட்டுச் சாமானை ஒப்படைப்பவருக்கு இதைவிட என்ன உறுதி வேண்டும்?

அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யுபிஎஸ் வேறு பாடம். 1961இல் வடிவமைப்பாளர் பால் ராண்ட் அதன் லோகோவில் கேடயத்துக்கு மேல் கயிறு கட்டிய பொட்டலம் ஒன்றை வரைந்தார். 2003இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குள் கயிறு கட்டி அனுப்பும் வழக்கம் போய்விட்டது. நிறுவனமும் பார்சலைத் தாண்டிச் சரக்கு நிர்வாகத்துக்கு வளர்ந்துவிட்டது. ஆகவே நம் லோகோவில் மீனை வரையாதீர்கள். நாளைக்கே ‘படகு’ கருவாடும் இறாலும் தேங்காயும் கொண்டுவரலாம்.

படி 3: எழுத்துக்குள் தேடுங்கள்

நோட்டில் ‘படகு’ என்று பெரிதாக எழுதுங்கள். முதல் எழுத்தைப் பாருங்கள். இரண்டு சுவர், ஒரு தரை, மேலே திறப்பு. ‘ப’ ஏற்கெனவே பெட்டியாகத்தான் நிற்கிறது. நாம் மூடி மட்டும் போட்டால் போதும்.

கட்டமரான் என்ற எழுத்துரு இலவசம். திறந்த உரிமத்தில் வருவதால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இங்க்ஸ்கேப்பில் அதன் தடித்த வடிவில் பெயரைத் தட்டச்சு செய்து, ஷிஃப்ட், கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தட்டச்சு செய்த எழுத்து, வரைந்த கோட்டுருவமாக மாறிவிடும். இனி முனைகளைப் பிடித்து இழுக்கலாம். ‘ப’வின் சுவர்களைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள். மேலே, சற்றே சாய்வாக, அதே தடிமனில் ஒரு கோடு. அதுதான் மூடி. கோடு சுவர்களைத் தொடக் கூடாது. தொட்டால் ‘ப’ வெறும் கட்டமாகிவிடும், பெயர் ‘டகு’ ஆகிவிடும். கோட்டின் தடிமனில் பாதியளவு இடைவெளி விட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் கூட்டுங்கள்.

படி 4: நிறம்

இங்கே பலர் ஆசைக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். நீக்கிக்கொண்டே வருவதுதான் சரியான வழி. நீலம் கடலுக்குப் பொருத்தம்தான். அதனாலேயே மீன் விற்கிற எல்லோரும் நீலத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மஞ்சள், ‘வெள்ளை நகரம்’ எனப்படும் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் உள்ள மஞ்சள் சுவர்களில் கரைந்துபோகும். சிவப்போடு மஞ்சள் சேர்ந்தால் அஞ்சல் துறை நினைவுக்கு வரும். டிஎச்எல் கூரியரும் அங்கேதான் நிற்கிறது. ஆரஞ்சைப் பார்த்தால் ஸ்விக்கி. பச்சை கூடவே கூடாது: நம் நாட்டு உணவுப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி சைவத்தின் அடையாளம். மீன் பெட்டியில் பச்சையைப் பார்த்தால் வாங்குபவர் ஒரு நொடி தயங்குவார்.

மிஞ்சுவது அடர்ந்த கத்தரிப்பூ நிறம். வெள்ளைத் தெர்மோகோலில் பளிச்சென்று தெரியும், அழுக்கும் எளிதில் காட்டாது. யுபிஎஸ் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழுப்பு நிறத்தை விடாமல் வைத்திருப்பதற்கும் அழுக்கு தெரியாது என்பது ஒரு காரணம். ஒரே நிறம் போதும். டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரைச் சட்டகம் என்றுதான் கணக்குப் போடுவார்.

படி 5: ஸ்டென்சில் (வண்ணம் அடிக்க வெட்டிய அச்சுத்தாள்) வெட்டிப் பாருங்கள்

திரையில் அழகாக இருப்பது பெட்டியில் நிற்குமா என்பதற்கு இதுதான் சோதனை. லோகோவை ஒரு சாண் அகலத்துக்கு அச்செடுத்து, பழைய எக்ஸ்ரே படலத்தின் மேல் ஒட்டி, பிளேடால் வெட்டுங்கள். ‘ப’வும் ‘ட’வும் சிக்கலில்லாமல் வந்துவிடும். தகராறு செய்வது ‘கு’. அதன் சுழிகளுக்குள் இருக்கும் துண்டுகள் தனியாகக் கழன்று விழும்; வண்ணம் அடித்தால் எழுத்து கரும்புள்ளியாகிவிடும். சுழியின் ஓரத்தில் குச்சி அளவுக்குச் சிறு பாலம் விட்டு வெட்டுங்கள். அந்தப் பாலத்தை லோகோவின் மூல வடிவத்திலேயே சேர்த்துவிடுவது என் பழக்கம். மூடிக்குக் கீழே விட்ட இடைவெளிக்கு அது ஜோடியாக அமைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. சாதாரண ஸ்பிரே பெயிண்டில் உள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துப் பள்ளமாக்கிவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஐஸ் போடுவதற்கு முன்பே செய்யுங்கள். வியர்த்த பெட்டியில் எந்த வண்ணமும் ஒட்டாது.

அடுத்து, லோகோவை ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கி அச்சிட்டு, பில்லில் வைப்பதுபோல ஒட்டிப் பாருங்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைத்துக்கொண்டால் படி 3க்குத் திரும்புங்கள். பெயரில் புள்ளி வைத்த எழுத்து இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த அளவில் முதலில் மறைவது புள்ளிதான்.

படி 6: பதிவு

சரக்குப் போக்குவரத்து, பொதி கட்டுதல், சேமிப்பு ஆகியவை வணிகச் சின்னப் (டிரேட்மார்க்) பதிவில் 39ஆம் வகுப்பில் வருகின்றன. மீன் விற்பனையையும் உங்கள் பெயரிலேயே செய்தால் அதற்கான வகுப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் பதிவேட்டின் இணையதளத்தில் இதே பெயரும் இதே சாயலில் வேறு லோகோவும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை.