நிமிர்ந்து நிற்கும் பாறையில் எது மேல், எது கீழ்?

ஓதம் ஏறுவது, பாசி வழுக்குவது, பாறைமுகம் சரிவது பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். கடலோரப் படிவுப் பாறைகளை அளந்து குறிப்பெடுக்கப் புதிதாக வருபவர்கள், நான் அன்று செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இளைய அடுக்கு எந்தப் பக்கம் என்று பாராமல் தொடங்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இங்கிலாந்தின் வைட் தீவில், மேற்கு முனையில் இருக்கிறது ஆலம் விரிகுடா. ஆல்ப்ஸ் மலை எழுந்த காலத்து நெருக்கத்தில் அங்குள்ள படிவுகள் மடிந்து, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. கீழே இருப்பதே பழையது என்ற பாடம் அங்கே உதவாது. வடக்கிலிருந்து தெற்கே மூன்று நாள் நடந்து, முதலில் கண்டதை அடியில் எழுதி, அடுத்தடுத்ததை அதன்மேல் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் எதிர்ப்பட்டது, கடலில் கூர்கூராக நிற்கும் நீடில்ஸ் பாறைகளின் பக்கத்து வெள்ளைச் சுண்ணப் பாறை. கிரெட்டேசியஸ் காலத்தது, 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. மணலும் களிமண்ணும் அதற்குப் பிறகு படிந்தவை. என் பட்டியலிலோ அது உச்சியில் இருந்தது.

தாளைத் தலைகீழாகத் திருப்பினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அடி எல்லை என்று நான் கவனமாக வரைந்ததெல்லாம் மேல் எல்லை. அரிப்புத் தளத்தை, அதாவது புதிய அடுக்கு படியுமுன் பழையது அரிபட்ட பரப்பை, தேட வேண்டிய பக்கத்தில் தேடவே இல்லை. கடல் பின்வாங்கியது என்று எழுதிய இடத்தில் அது முன்னேறியிருந்தது. அத்தனையையும் மறுபடி அளந்தேன்.

இளைய பக்கம் எது என்று பார்ப்பதற்கே முதல் அரைமணி நேரத்தைக் கொடுங்கள். குறுக்குப் படுகையின், அதாவது ஓர் அடுக்குக்குள்ளேயே மணல் சரிவாகப் படிந்த அமைப்பின், சாய்கோடுகள் அடியில் வளைந்து படியும், மேலே வெட்டுண்டு நிற்கும். காய்ந்த சேற்றின் வெடிப்பு கீழ்நோக்கிக் குறுகும். பருமணல் அடியிலும் நுண்மணல் மேலும் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கழிமுகப் படிவில் மேலே போகப் போக மணல்மணி பருப்பதும் உண்டு. இரண்டு சான்றாவது ஒத்துவர வேண்டும்.

நடந்த தூரத்தைத் தடிமனாக எழுதுவது

அடுக்கு 30 பாகை சாய்ந்திருந்தால், சமதரையில் அதற்கு நேர்க்குறுக்காக 100 மீட்டர் நடந்தாலும் தடிமன் 50 மீட்டர்தான்.

நிறத்தை எல்லையாகக் கொள்வது

ஆலம் விரிகுடாவின் மஞ்சளும் சிவப்பும் இரும்பு ஆக்சைடு தந்தவை. நீர் ஊறிய வழியில் கறை அடுக்கைக் குறுக்கே கடந்தும் போகும். மணலை விரலில் தேய்த்துப் பார்த்து எல்லை போடுங்கள்.

பாறைப் பிளவை அடுக்கின் எல்லையென்று எண்ணுவது

கோட்டின் இருபுறமும் மணல்மணி ஒரே மாதிரி என்றால், அது வெறும் பிளவோ என்று சந்தேகப்படுங்கள்.

உதிர்ந்த கல்லில் கிடைத்த புதைபடிவம்

எந்த அடுக்கின் வயதுக்கும் அதைச் சாட்சியாக்காதீர்கள்.