குறுக்கெழுத்தில் குட்டிச் சொற்கள்: எங்கே சறுக்குகிறோம்?

குறுக்கெழுத்துப் புதிரில் நீளமான விடைகள் அவ்வளவாகப் படுத்துவதில்லை. ஏழு கட்டத்தில் நடுவே 'ள்ளு' விழுந்துவிட்டால் திருவள்ளுவர் தானாக வந்து உட்கார்ந்துகொள்வார். ஆளைத் திணறடிப்பவை ஒன்று, இரண்டு, மூன்று எழுத்து விடைகள்தான். 'அரசன்' என்று குறிப்பு இருந்தால் ஒரே எழுத்தில் கோ இருக்கிறது. இரண்டில் மன், கோன், இறை. மூன்றில் வேந்து. நான்கில் மன்னன், வேந்தன். எதைப் போடுவது?

பலரும் உடனே அகராதியைத் திறக்கிறார்கள், அல்லது கைப்பேசியில் 'அரசன் வேறு பெயர்கள்' என்று தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. குட்டிச் சொற்களில் பொருள் ரொம்பக் குறைவாகத்தான் கைகொடுக்கும். எத்தனை எழுத்து, குறிப்பு எந்த உருவில் நிற்கிறது, எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து வர முடியும் என்ற மூன்றையும் பார்த்த பிறகு பொருளுக்குப் போனால் பாதிப் பட்டியல் தானே உதிர்ந்துவிடும்.

முதலில் எண்ணிக்கை. தமிழ்ப் புதிரில் உயிரெழுத்துக்கு ஒரு கட்டம், உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் தனியாக ஒரு கட்டம், ஆய்தத்துக்கும் ஒன்று. எனவே 'எஃகு' மூன்று, 'தண்ணீர்' நான்கு. தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து எண்ணும்போது காது அசையைத்தான் எண்ணுகிறது. 'தண்-ணீர்' என்று இரண்டாக விழும். விரல் விட்டு எழுத்தெழுத்தாக எண்ணுவதே நல்லது.

கணினியை நம்பினால் இன்னும் மோசம். யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். எனவே சாதாரண நிரல் ஒன்று 'யானை'யை நான்கு என்று எண்ணும், 'அம்பு'வை ஐந்து என்று எண்ணும். தமிழ் எழுத்தை அறிந்து எண்ணும்படி எழுதப்படாத கருவியில் 'மூன்றெழுத்துச் சொல்' என்று தேடினால் வருவது வேறு ஏதோ. அப்புறம் ஔகாரம். தட்டச்சில் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்து 'ஔ' போலக் காட்டிவிடுகிறோம். புதிரில் ஔவை இரண்டு எழுத்து, அவ்வை மூன்று. வௌவால் மூன்று, வவ்வால் நான்கு. குறிப்பில் உள்ள எண்ணே எந்த எழுத்துக்கூட்டல் என்று சொல்லிவிடுகிறது, பார்க்கத்தான் மறந்துபோகிறோம்.

அடுத்த சறுக்கல், குறிப்புச் சொல்லின் உருவத்தைக் கவனிக்காமல் விடுவது. நல்ல புதிரில் குறிப்பை எடுத்துவிட்டு விடையை அதே இடத்தில் வைத்தால் வாக்கியம் உடையாமல் நிற்க வேண்டும். 'கொடு' என்றால் விடையும் ஏவலாக இருக்க வேண்டும். 'கொடுத்தான்' என்றால் 'ஈந்தான்' வரும், 'ஈகை' வராது. வேற்றுமை உருபு ஒட்டியிருந்தால் விடையிலும் அது ஒட்டும். 'அரசனை' என்று இரண்டு எழுத்தில் கேட்டிருந்தால் மன், கோன் என்று எழுதி அழிக்க வேண்டாம். கோ என்பதோடு ஐ சேர்ந்தால் கோவை. 'அரசனை ஏற்றுக்கொண்ட ஊர்' என்று கேட்டாலும் அதே கோவைதான், புதிர் போடுகிறவர்களுக்கு அது அல்வா.

உருவம் சரியாக இருந்தும் பொருளின் எல்லை தவறிப்போவதுண்டு. யானை என்ற குறிப்புக்கு இரண்டு எழுத்தில் 'பிடி' என்று போடுவது அப்படிப்பட்டது. பிடி பெண் யானை மட்டும். கரிதான் பொதுப்பெயர். வகையைச் சொல்லி இனத்தைக் கேட்கலாம், இனத்தைச் சொல்லி வகையைக் கேட்பது கொஞ்சம் அழுகுணி ஆட்டம். ஆனால் வார இதழ்ப் புதிர்கள் பலவற்றில் அந்த ஆட்டமும் நடக்கும் என்பதால் பிடியை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம், கட்டத்தில் எழுத வேண்டாம்.

'கொடு' என்பதற்கே ஓர் எழுத்தில் இரண்டு விடைகள் உண்டு, ஈயும் தாவும். இரண்டும் ஒன்றுதானே என்றால் தொல்காப்பியம் ஒப்புக்கொள்ளாது. ஈ என்பது தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்பது, தா என்பது ஒத்தவர் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவர் கேட்பது என்று அது மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. 'நண்பனிடம் இப்படிக் கேட்கலாம் (1)' என்று குறிப்பு வந்தால் விடை தா. வெறும் 'கொடு (1)' என்று வந்தால், குறுக்கே போகும் சொல்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது கட்டங்களுக்கு வருவோம். இந்த வசதியைப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவதே இல்லை. ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 26 எழுத்துகள். தமிழில் 247. குறுக்குச் சொல்லிலிருந்து ஓர் எழுத்து கிடைத்தால் நமக்குக் கிடைக்கும் தகவல் மிக அதிகம். ஆனால் எழுத்து கிடைக்கும் முன்பே வெறும் கட்டமும் பேசும். மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளும் இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வராது.

யானை, மூன்று எழுத்து என்று வைத்துக்கொள்வோம். மனத்தில் வருபவை களிறு, வேழம். இந்த விடையின் மூன்றாவது கட்டத்திலிருந்து இன்னொரு சொல் கீழே இறங்குகிறது என்றால் என்ன ஆகும்? வேழம் போட்டால் கீழே போகும் சொல் 'ம்' என்று தொடங்க வேண்டும். களிறு போட்டால் 'று' என்று தொடங்க வேண்டும். இரண்டும் நடக்காது. கீழே உள்ள குறிப்பைப் படிக்காமலே இரண்டையும் தள்ளிவிடலாம். மிஞ்சுபவை தும்பி, கைம்மா. அதிகம் புழங்காத சொற்கள்தான், ஆனால் நிகண்டு (சொற்களையும் பொருள்களையும் செய்யுளில் தொகுத்த பழைய நூல்) தெரிந்தவர் போட்ட புதிர் என்றால் சாதாரணமாக வரும். ரயில், லட்டு, டம்ளர் போன்ற வழக்குச் சொற்கள் இந்த விதிக்கு அடங்காது. இலங்கை இதழ் என்றால் றப்பர், றம்புட்டான் என்று றகரமும் முன்னால் வந்து நிற்கும்.

சொல்லின் நடுவிலும் இதே மாதிரி வழிகாட்டிகள் உண்டு. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். 'செல்வம் (3)' என்ற குறிப்பில் நடுக்கட்டம் 'த்' என்று வந்துவிட்டால், அடுத்த கட்டம் தகர வரிசையாகத்தான் இருக்க வேண்டும். உடைமை, பொருள் எல்லாம் போய்ச் சொத்து வந்து நிற்கும். பக்தி, சப்தம் போன்ற வடசொற்களை மட்டும் விலக்காக நினைவில் வைத்தால் போதும். ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, எனவே கடைசிக் கட்டத்தில் 'க்', 'ட்', 'ற்' வந்தால், டிக்கெட் மாதிரி இரவல் சொல்லாக இல்லாத பட்சத்தில், குறுக்கே எழுதியதைச் சந்தேகப்பட வேண்டும்.

நம் வார இதழ்ப் புதிர்களுக்கே உரிய குசும்பு ஒன்று உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் இருக்கும். மேலே சொன்ன தொடக்க விதியை அந்தச் சொற்களுக்குத் திருப்பிப் போட வேண்டும். திசையைப் பார்க்காமல் அவசரமாக எழுதியதால் சரியான சொல்லே தவறான விடையாகி, அதைச் சுற்றி நாலு விடைகளும் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. 'முடிவில்லை', 'தலையில்லை', 'குழம்பியுள்ளது' என்ற அடைப்புக்குறிகளும் அப்படித்தான். 'அரசன், முடிவில்லை (3)' என்றால் தேட வேண்டியது மூன்றெழுத்துச் சொல் அல்ல. மன்னனோ வேந்தனோ நான்கு எழுத்தாக இருந்து, கடைசி எழுத்தை இழந்து 'மன்ன' அல்லது 'வேந்த' என்று நிற்கும். பொருளில்லாத அந்தத் துண்டை எழுதக் கை கூசும். கூச்சப்படாமல் எழுத வேண்டியதுதான்.

பொருளுக்கு வந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. குறிப்பைப் படித்தவுடன் தோன்றும் முதல் பொருளிலேயே நின்றுவிடுவது. 'மாலை (3)' என்றால் அந்தி என்று எழுதிவிடுகிறோம். கழுத்தில் போடும் மாலையாக இருந்தால் கண்ணி, ஆரம், சரம் மூன்றும் மூன்றெழுத்துதான். இரண்டெழுத்து என்றால் தார், தொடை, கோதை. 'நீர் (3)' என்றால் புனல் மட்டும் இல்லை, மரியாதையாக அழைக்கும் நீராக இருந்து 'நீவிர்' என்றும் விடை வரலாம். ஒற்றைச் சொல்லாகக் குறிப்பு கொடுத்திருந்தாலே அதற்கு இரண்டு பொருள் உண்டா என்று பார்ப்பது நல்ல பழக்கம். புதிர் போடுகிறவர் சும்மா ஒற்றைச் சொல் தரமாட்டார்.

விடையைக் குறிப்பு வாக்கியத்துக்குள்ளேயே துண்டுகளாக ஒளித்துவைக்கும் க்ரிப்டிக் வகைப் புதிரில் இது இன்னும் கூடும். அங்கே முழு வாக்கியத்துக்கும் இணைச்சொல் தேடுவதுதான் பெரிய தவறு. வாக்கியத்தின் தொடக்கமோ முடிவோ மட்டும்தான் நேர்ப்பொருள். மிச்சம் எல்லாம் விடையைக் கட்டுவதற்கான செங்கல். 'அரசனும் பொங்கல் மாதமும் சேர்ந்த மாலை (2)' என்பதில் கடைசிச் சொல்தான் பொருள். கோ, தை, ஆகக் கோதை. 'இரண்டு உறுப்புகளைக் கொண்ட ஊர் (2)' என்றால் நாவும் கையும் சேர்ந்த நாகை. 'குதிரை கொடு, தாயே (2)' என்றால் மா, தா, மாதா. ஒட்டும்போது இடையில் முளைக்கும் எழுத்தையும் மறக்கக் கூடாது. பூவும் காவும் சேர்ந்தால் பூகா இல்லை, பூங்கா. அந்த 'ங்' குறிப்பில் எங்கும் இருக்காது, புணர்ச்சி கொண்டுவந்து தரும்.

ஓரெழுத்துச் சொற்களுக்கு நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. நெடில் 40, குறில் நொ, து என்று இரண்டு. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் புதிருக்கு உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை. திரும்பத் திரும்ப வருபவை ஆ (பசு), ஈ, ஏ (அம்பு), கா (சோலை), கோ, தா, தீ, தை, நா, பா, பூ, மா, மை, வீ (மலர்) போல ஒரு கைப்பிடிதான். சோ என்றால் மதில், சே என்றால் எருது என்பவை எப்போதாவது. வௌ, யா, நொ ஆகியவற்றை நுழைத்தால்தான் கட்டம் நிரம்புகிறது என்றால் பெரும்பாலும் பக்கத்தில் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

எந்த அகராதியைத் திறப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. நமக்குத் தேவை பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் வழி. சாதாரண அகராதி அதற்கு எதிர்த்திசையில் போகிறது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். இரண்டாவதான பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பல சொற்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். மூன்றாவதில் தொகைகள், 'முக்கனியில் ஒன்று' மாதிரியான குறிப்புகளுக்கு அது உதவும். திவாகரம், சூடாமணி நிகண்டு இரண்டிலும் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது, மாலை போன்ற வில்லங்கங்களுக்கு அங்கே போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்தில் தேடலாம், ஆனால் எழுதப்போகும் சொல்லைச் சரிபார்க்க மட்டும் அதைத் திறப்பது நல்லது. அங்கே தேட ஆரம்பித்தால் எந்தச் சொல்லுக்கும் எந்தப் பொருளும் ஒரு மூலையில் கிடைத்துவிடும், நமக்குப் பிடித்த தவறான விடைக்கும் சாட்சி சிக்கிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு விடைகள் மிஞ்சுவதுண்டு. கோயிலா கோவிலா, பவளமா பவழமா, பந்தலா பந்தரா, அறமா அறனா. எண்ணிக்கையும் ஒன்று, பொருளும் ஒன்று, மாறும் எழுத்து மட்டும் வேறு. அந்தக் கட்டத்தில் குறுக்குச் சொல் ஓடினால் பிரச்சினை இல்லை. ஓடவில்லை என்றால் அது கட்டம் போட்டவரின் கவனக்குறைவு, நம்முடையது அல்ல. பரிசுப் போட்டியாக இருந்தால் அந்த இதழையே நாலு பக்கம் புரட்டி, அவர்கள் தங்கள் கட்டுரைகளில் எப்படி அச்சிடுகிறார்கள் என்று பார்த்து அதையே எழுதி அனுப்பலாம்.