ஏஏ கூட்டத்தைத் தேடிப்பிடித்து முதல் நாள் உள்ளே போவது எப்படி?

"ஏதாவது பண்ணுடா, என்னால முடியல." என் அண்ணன் இதைச் சொன்னது ஒரு விடிகாலையில், வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. என்ன பண்ணுவது, யாரைக் கேட்பது என்று தேடுவதிலேயே எனக்கு மூன்று நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் மறுபடி மதுக்கடைக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்துபோன ஒரு பங்கு வணிகரும் ஒரு மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. குடித்தவர்களே குடித்தவர்களுக்குத் துணை நிற்கும் கூட்டம். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், அதுதான் ஒரே தகுதி.

1. முதலில் டாக்டர்

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் இடம் தெரியாமல் பிதற்றுவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. "மன உறுதி இருந்தால் போதும்" என்று வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சிகிச்சையும் கூட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

2. எங்கே கேட்பது

இந்திய ஏஏ-வின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் கூட்ட விவரங்களும் உதவி எண்ணும் கிடைக்கும். தேடும்போது 'ஏஏ மீட்டிங்' என்பதோடு உங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 14446 என்பது போதைமீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 என்பது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரையும் கேளுங்கள். பக்கத்தில் எந்தக் குழு நடக்கிறது என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏஏ யாரையும் உள்ளே அடைத்து வைப்பதில்லை, முன்பணம் கேட்பதில்லை, வேன் அனுப்பித் தூக்கிப்போவதில்லை. அப்படிச் செய்தால் அது வேறு ஏதோ இடம்.

3. போகும் முன் ஒரு போன்

கூட்டங்கள் பள்ளி வகுப்பறையிலோ சர்ச் வளாக அறையிலோ நடக்கும். இடமும் நேரமும் மாறியிருக்கலாம், அதனால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்படியே "இது ஓப்பன் மீட்டிங்கா, குளோஸ்டா?" என்றும் கேளுங்கள். ஓப்பன் என்றால் வீட்டார் கூட உட்காரலாம், குளோஸ்ட் என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். பெண்களாக இருந்தால், பேச ஒரு பெண் உறுப்பினர் வேண்டும் என்று கேட்கத் தயங்கவே வேண்டாம். சர்ச்சில் நடக்கிறதே என்றும் யோசிக்காதீர்கள். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை.

முடிந்தால் போனைக் குடிப்பவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நான் பேசியபோது விவரம் மட்டும்தான் கிடைத்தது. அண்ணன் பேசியபோது எதிர்முனையில் இருந்தவர், "ஆறரைக்கு வாசல் கேட் பக்கத்துல நிக்கிறேன், வாங்க" என்றார்.

4. அந்த வாசலைத் தாண்டுவது

மற்றதெல்லாம் சுலபம், இதுதான் கஷ்டம். நாங்கள் பைக்கில் அந்தத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினோம். "தெரிஞ்சவன் யாராவது பார்த்துட்டா?" என்றார் அண்ணன். கடை வாசலில் பார்க்காதவர்களா இங்கே பார்க்கப்போகிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது, நல்லவேளை, சொல்லவில்லை. அந்த நேரத்தில் குத்திக்காட்டாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், போதும்.

உள்ளே டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் எல்லோருக்கும் நிறைய ஊற்றினார். அண்ணனுக்கு மட்டும் அரை கப். கை நடுங்கும், சிந்தினால் கூசிப்போவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

5. உள்ளே என்ன நடக்கும்

ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் கிடையாது. நீங்கள் பேசவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுப் பெயர், வேலை, சாதி எதுவும் தேவையில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, வீட்டாருக்கும் இது பொருந்தும். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதிதாக வந்தவர்கள் போடவேண்டியதில்லை.

6. ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்

ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொரு குழுவுக்குப் போங்கள். ஐந்தாறு கூட்டமாவது பாருங்கள். நடுவில் குடித்துவிட்டாலும் திரும்பப் போகலாம், யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன. அம்மாவையோ மனைவியையோ அங்கே அனுப்புங்கள், அவர்களும் நொந்துபோனவர்கள்தான்.

கிளம்பும் முன் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு ஒரு துண்டுச் சீட்டில் நான்கு நம்பர் எழுதிக் கொடுத்து, "குடிச்ச பிறகு இல்ல, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க" என்றார்கள். அன்று இரவு ஒன்பதரைக்கு அவர் மொட்டைமாடியில் நடந்துகொண்டே யாரிடமோ பேசுவது கீழே கேட்டது. கடை மூடும் பத்து மணி தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்.