கிடாக்குட்டி வெட்டுக்குத் தயாரா? இடுப்பைத் தடவிப் பாருங்கள்

பெங்களூருவை ஒட்டிய ஆனேக்கல், கனகபுரா பக்கம் கொஞ்சம் நிலத்தில் பத்துப் பதினைந்து செம்மறி வளர்ப்பவர்கள், கிடாவை வெட்டுக்கு விடும் நாளைப் பெரும்பாலும் வயதைப் பார்த்தோ பண்டிகையைப் பார்த்தோ முடிவு செய்கிறார்கள். ஆறேழு மாதத்திலேயே தேறிவிடும் குட்டி உண்டு. பத்து மாதமாகியும் எலும்பாக நிற்கும் குட்டியும் உண்டு. கண்ணையும் நம்ப முடியாது. தீனி தின்ற வயிறும் அடர்ந்த ரோமமும் ஒல்லி ஆட்டைக் கொழுத்ததாகக் காட்டும். மேச்சேரி இன ஆட்டுக்கு ரோமம் குட்டை என்பதால் ஓரளவு தெரியும். தக்காணிக் கம்பளி ஆட்டில் கை வைக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கை வைக்க வேண்டிய இடம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். ஆடு நான்கு காலிலும் சமமாக நிற்கட்டும். நடுமுதுகில் மேல்நோக்கி நிற்கும் முள்ளெலும்பை முதலில் தடவுங்கள். பிறகு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்கெலும்பு நுனிகளுக்கு அடியில் விரலைச் செருகிப் பாருங்கள். முள் கூர்மையாகக் குத்தி, விரல் சுலபமாக உள்ளே போனால் மெலிவு. முள் வழவழப்பாக உருண்டு, நுனிகளை அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது என்றால் அதுதான் பதம். ஐந்துக்கு மூன்று மதிப்பெண். எவ்வளவு அழுத்தியும் நுனியே தெரியாவிட்டால் நான்கைத் தொட்டுவிட்டது, அதற்குமேல் போடும் தீனி கொழுப்பாகத்தான் போகும். பழக்கமில்லாதவர்கள் தங்கள் கையையே அளவாக வைத்துக்கொள்ளலாம்: மடக்கிய முஷ்டியின் மொளி போல இருந்தால் மெலிவு, விரல் நீட்டிய புறங்கை போல இருந்தால் பதம், கட்டைவிரல் அடி மேடு போல மெத்தென்றால் அதிகம். நம்மூர் இனங்களுக்கு வால் மெலிந்தது, அதை வைத்துக் கொழுப்பு பார்ப்பதில் பயனில்லை.

எடையைக் காலையில், தீனி வைப்பதற்கு முன் பாருங்கள். சாக்குத் தொட்டிலும் தொங்கு தராசும் போதும். தராசு இல்லையென்றால் நாடா: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 27, நீளம் 24 என்றால் சுமார் 26.5 கிலோ. வெறும் வயிற்று எடையில் கறி தோராயமாக 45 முதல் 50 சதவீதம். 25 கிலோ கிடாவில் பதினொன்று, பன்னிரண்டு கிலோ.

ஒரு நாள் எடையைவிட முக்கியம், அது ஏறும் வேகம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். 26 கிலோ குட்டி ஒரு நாளில் உலர் எடையாக (ஈரம் கழித்து) கிட்டத்தட்ட ஒரு கிலோ தின்னும். தினம் 100 கிராம் ஏறினால் ஒரு கிலோ எடைக்குப் பத்துக் கிலோ தீனி. 50 கிராமாகக் குறைந்தால் இருபது. தீவனம் விலைக்கு வாங்குபவருக்கு இது கட்டாது. முதுகு மதிப்பெண் மூன்றைத் தொட்டு, அடுத்தடுத்து இரண்டு முறை வேகம் பாதியாக விழுந்திருந்தால் நாளைக் கடத்த வேண்டாம். முதுகு மெலிந்திருக்கும்போதே எடை நின்றுவிட்டால் அது வேறு கதை. கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால், தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால், பெரும்பாலும் குடற்புழுதான் காரணமாக இருக்கும். அதை வெட்டுக்கு அனுப்பாமல் வைத்தியம் பாருங்கள். பக்ரீத்துக்காக நிறுத்திவைப்பது தனிக் கணக்கு. அந்த விலை, நிறுத்திய நாட்களின் தீனியைத் தாங்க வேண்டும்.

வயதுக்குப் பல் பாருங்கள். கீழ்வரிசை முழுக்கப் பால்பல் என்றால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் (சந்தையில் கன்னடத்தில் ‘எரடு ஹல்லு’) ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல்லுக்கு மேல் கறி முற்றத் தொடங்கும். கிழட்டுக் கிடாவில் வாடையும் சேரும்.

கடைசி வாரங்களில் சீக்கிரம் தேற்றலாம் என்று மக்காச்சோளத்தை ஒரேயடியாக ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குடலில் நஞ்சு உண்டாக்கும் துள்ளுமாரி நோய் இதனால் வரும்; வந்தால் நன்றாகத் தின்று கொழுத்த குட்டியைத்தான் முதலில் கொண்டுபோகும். தடுப்பூசி போட்டிருந்தாலும் தானியத்தைப் பத்துப் பதினான்கு நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

புழுமருந்தோ ஊசியோ போட்டிருந்தால், எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்று மருந்துச் சீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பெட்டையாடு என்றால் சினை இல்லை என்று உறுதி செய்யாமல் அனுப்பக் கூடாது. செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், முதல் பாதியில் வெளியே தெரியாது. 2001ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி சினையாடு, மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி, அப்படியொரு குட்டியை வைத்திருக்கும் தாய் ஆகியவற்றை வெட்டக் கூடாது. நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற வெட்டுக்கூடத்தில்தான் வெட்ட வேண்டும், கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும்.

முந்தின நாள் மாலையோடு தீனியை நிறுத்துங்கள். பன்னிரண்டு மணி நேரம் போதும்; தண்ணீர் மட்டும் கடைசிவரை இருக்கட்டும். தோல் நனைந்திருந்தால் அழுக்கு கறியில் ஒட்டும், மழைநாளில் கொட்டகைக்குள் கட்டுங்கள். துரத்திப் பிடித்த ஆட்டின் கறி கறுத்து, சீக்கிரம் கெடும். டெம்போவில் தனி ஆட்டை ஏற்றினால் கத்திக் கத்தியே களைத்துப்போகும், இரண்டாக ஏற்றுங்கள்.