கோப்பை பழசுதான், அதிலுள்ள எழுத்து?

பழைய விளையாட்டுக் கோப்பை கையில் கிடைத்ததும் நாம் முதலில் செய்வது, கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைத் தேடுவது. முத்திரை சரியாக இருந்தால் மனசு நிறைந்துவிடும். ஒரு முறை நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வெள்ளி அசல், முத்திரை அசல், வயதும் அசல். மேலே வெட்டியிருந்த பந்தயத்தின் பெயரும் வென்றவர் பெயரும் மட்டும் புதுசு.

போலி செய்கிறவர் கோப்பையைச் செய்யத் தேவையே இல்லை. எழுத்தில்லாத பழைய வெள்ளிக் கோப்பை மலிவாகக் கிடைக்கும். அதில் புகழ்பெற்ற ஒரு பெயரை வெட்டினால் விலை எங்கேயோ போய்விடும். ஆகவே கோப்பையின் வயது வேறு, எழுத்தின் வயது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் தலையாய தவறு.

முத்திரை உலோகத்துக்கு மட்டுமே சாட்சி. பிரிட்டிஷ் வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி என்று பொருள். நங்கூரம் இருந்தால் சோதித்த ஊர் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே இருக்கும் தனி எழுத்து, சோதித்த ஆண்டைச் சொல்லும். அந்த ஆண்டைப் பந்தயத்தின் ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1911-இல் முத்திரையிட்ட கோப்பையை 1903 இறுதிப்போட்டியில் யாரும் வாங்கியிருக்க முடியாது. கடையில் சில வருடம் கிடந்த கோப்பையைப் பரிசாகக் கொடுத்திருக்கலாம் என்பதால், முத்திரை ஆண்டு முந்தியிருந்தால் பிரச்சினை இல்லை. பிந்தியிருந்தால்தான் சிக்கல். அதற்குச் சுழற்கோப்பை மட்டும் விதிவிலக்கு. முந்தைய வெற்றியாளர்களின் பெயர்களைப் பிற்பாடு மொத்தமாகச் சேர்ப்பதும் உண்டு.

'காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெள்ளி' என்பது இன்னொரு பிரபலமான தவறு. செம்பு, பித்தளை, நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவை எதிலும் காந்தம் ஒட்டாது. 'இ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் அது நிக்கல் சில்வர்மேல் பூசிய வெள்ளி முலாம். பெயரில்தான் சில்வர், நிக்கல் சில்வருக்குள் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது.

இனி எழுத்துக்கு வருவோம். இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கையால் உளி பிடித்து வெட்டிய கோட்டின் குறுக்குவெட்டு பெரும்பாலும் 'வி' வடிவில் இருக்கும். தொடங்குமிடம் கூர்மையாக, நடுவில் அகலமாக, மறுபடி மெலிந்து முடியும். ஒரே எழுத்து நான்கு இடத்தில் வந்தால் நான்கும் அச்சடித்த மாதிரி இருக்காது. லேசர் வெட்டில் வரிசை வரிசையாக நுண்குழிகள் தெரியும். முதல் லேசரே 1960-இல்தான் வந்தது என்பதால், அந்தக் காலத்துப் பொறிப்பு என்று சொல்லி விற்கும் 1920 பதக்கத்தில் அது இருந்தால் பேச்சே இல்லை. அச்சைத் தடவி வெட்டும் பாண்டோகிராஃப் எந்திரம் லேசரைவிட ரொம்பப் பழசு. ஆகவே 'எந்திர எழுத்து, எனவே போலி' என்று தாவிவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், வெட்டின் வடிவத்தைவிடத் தேய்மானம்தான் நம்பகமான சாட்சி. பல பத்தாண்டுகள் துணியால் துடைத்த கோப்பையில் கைப்பிடியின் மேடும் பூவேலைப்பாட்டின் முனைகளும் மழுங்கியிருக்கும். அவற்றுக்கு நடுவே எழுத்தின் விளிம்பு மட்டும் விரலை உரசினால், அது நேற்று வந்த எழுத்து. எழுத்தைக் கடந்து போகும் கீறல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கீறல் எழுத்தின் விளிம்பையும் சிராய்த்துக்கொண்டு போனால் எழுத்து முந்தியது. எழுத்து கீறலைத் துண்டித்திருந்தால் கீறல் முந்தியது. என் கோப்பையில் ஒன்றல்ல, ஏழெட்டுக் கீறல்கள் துண்டாகிக் கிடந்தன. வாங்கும் முன்பு நான் லென்ஸை எடுக்கவே இல்லை.

பழைய பெயரை ராவி எடுத்துவிட்டுப் புதுப் பெயரை வெட்டுவதும் நடக்கும். அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும்; விளக்கொளியில் சாய்த்தால் பிம்பம் நெளியும். 'ஹா' என்று மூச்சுவிட்டுப் பாருங்கள். பழைய பெயர் இருந்த இடத்தில் வேறு தகடு வைத்து ஒட்டுப் போட்டிருந்தால் பனித்த பரப்பில் பற்றவைத்த கோடு ஒரு கணம் எட்டிப்பார்க்கும்.

இத்தனை சாட்சியையும் ஐந்தே நிமிடத்தில் அழிக்கும் வழி பாலிஷ் போடுவது. எழுத்தின் பள்ளத்தில் படிந்த கறுப்பு அழுக்கல்ல, ஆவணம். அதையும் செயற்கையாகப் பூசலாம் என்பது உண்மைதான். ஆனால் பூசிய கறுப்பு பெரும்பாலும் எல்லாப் பள்ளத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்கும்.

எழுத்தின் வடிவத்தில் மூழ்கி, அது சொல்லும் செய்தியைப் படிக்காமல் விடுகிறவர்களும் உண்டு. '1896 ஏதென்ஸ் ஒலிம்பிக், தங்கப்பதக்கம்' என்று வெட்டியிருந்தால் லென்ஸே வேண்டாம். அந்த ஆண்டு முதலிடத்துக்குக் கொடுத்தது வெள்ளிப் பதக்கம். முதலிடத்துக்குத் தங்கம் 1904-இல்தான் வந்தது.

மரப்பீடத்தையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1900-க் கோப்பையின் பீடத்தில் அது இருந்தால் பீடத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். கோப்பையே போலி என்று ஆகிவிடாது.

எழுத்துப்பிழை கண்டதும் தூக்கிப் போடுவதும் தவறுதான். வெட்டியவர் காதில் விழுந்தபடி வெட்டியிருப்பார். அந்த ஆண்டின் செய்தித்தாளிலோ சங்கத்தின் பதிவேட்டிலோ அதே பந்தயம், அதே தேதி, அதே ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். விற்கிறவர் நீட்டும் சான்றிதழில் யார் கையெழுத்திட்டார், எதைச் சோதித்தார் என்று இல்லையென்றால் அது வெறும் அச்சடித்த தாள்.