குடிக்குப் பிறகு நிற்காத வறட்டு இருமல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியை நிறுத்த வருபவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போய் வருகிறேன். ஒரு காலத்தில் நானும் அதே வரிசையில் நின்றவன்தான். இப்போது வரும் தம்பிகளும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. "அண்ணே, அன்னைக்கு ஓவராப் போச்சு, அதுலேருந்து வறட்டு இருமல், மூச்சு முழுசா உள்ளே போகாத மாதிரியே இருக்கு" என்பார்கள். குடித்தால் ஈரல் கெடும், சிகரெட் சேர்ந்தால் இருமல் கூடும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை.

நெஞ்செரிச்சல் இல்லையே என்று வயிற்றை விட்டுவிடுவது

உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையத்தை மது தளர்த்திவிடும். ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சேர்ந்து உள்ளே போய், உடனே படுத்தால் அமிலம் தொண்டைவரை ஏறும். பலருக்கு நெஞ்சு எரியவே எரியாது. காலையில் குரல் கம்மும், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், செருமிக்கொண்டே இருப்பார்கள். சாப்பிட்டுக் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். குடியை விட்ட மறுநாளே இருமல் போகாது, தொண்டை ஆற வாரக்கணக்கில் ஆகலாம்.

டாக்டரிடம் குடித்ததை மறைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். தெரிந்த ஒருவர் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நிதானம் தப்பக் குடித்துவிட்டு மல்லாந்து படுத்து, படுத்தபடியே வாந்தி எடுத்திருக்கிறார். அடுத்த நாளிலிருந்து இருமல். டாக்டரிடம் "மழையில நனைஞ்சேன் சார்" என்றார், சிரப் கிடைத்தது. இருமல் நிற்கவில்லை என்று வேறு டாக்டரிடம் போனார், அங்கேயும் அதே மழைக் கதை, இன்னொரு சிரப். வாந்தி எடுத்தது அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும், மானம் போகுமே என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் காய்ச்சல், நாற்றமடிக்கும் சளி. எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலில் சீழ் கட்டியிருந்தது.

போதையில் இருப்பவருக்கு, புரையேறினால் உடனே இருமித் தள்ளும் அனிச்சைச் செயல் மங்கிவிடும். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் முதலில் அமிலம் புண்ணாக்கும், கிருமித் தொற்று நிதானமாகப் பிறகு வரும். வலது பக்கக் குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பாதிக்கும். முதல் நாளே "குடிச்சேன், வாந்தி எடுத்தேன்" என்று சொல்லியிருந்தால் அந்த டாக்டர் சிரப்போடு அனுப்பியிருப்பாரா?

மறைப்பதன் கேடு அதோடு முடிவதில்லை. தினமும் குடிப்பவர், அதைச் சொல்லாமல் வார்டில் சேர்ந்தால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லி டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுக்க முடியும். தெரியாமல் எழுதித்தரும் தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்போ மாத்திரையோ சரக்கோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும், உயிர் போகும்.

"அப்பப்போ கொஞ்சம் சார்" என்பது பதில் இல்லை. எவ்வளவு, கடைசியாக எப்போது, வாந்தி எடுத்தீர்களா, நினைவு தப்பியதா, இந்த நான்கையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கூடப் போகிறவர்களும் சொல்லுங்கள், தயவுசெய்து.

போதையில் கிடப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

காலைப் படபடப்புக்கு ஒரு கட்டிங்

போதை இறங்கும்போது படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், பெருமூச்சு பெருமூச்சாக வருவது, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவது எல்லாம் வரும். வேகவேகமாக மூச்சு விடுவதால்தான் அந்த மரமரப்பு. ஒரு கட்டிங் போட்டால் அடங்கும், மறுநாள் காலை திரும்ப வரும், அப்படித்தான் காலைக் குடி ஆரம்பிக்கிறது. தினமும் குடித்து நடுக்கம் வருகிறவர்கள் வீட்டில் தனியாக ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

பிராந்தியில் மிளகுத்தூள்

வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் சளிப் பரிசோதனைக்குப் போகாதது

அதிகம் குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இருமல் இரண்டு வாரம் தாண்டினால், மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

விடியட்டும், பார்க்கலாம் என்பது

படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தேவலாம் என்று இருந்து காலும் வீங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்த கையோடு கடும் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், சாப்பிடாமல் குடித்து வாந்தியெடுத்தபின் ஆழமாக, வேகமாக ஓடும் மூச்சு, இவற்றில் எது வந்தாலும் உடனே 108. கண் மங்கினால் மெத்தனால் என்ற விஷம் கலந்த சரக்காக இருக்கலாம். குடித்துப் பல மணி நேரம் கழித்தும் அது வேலையைக் காட்டும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான்.

பிரஷர் மாத்திரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுவது

எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது.