மூத்தோரின் மருந்துப் பையைச் சரிபார்ப்பது எப்படி?

வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் மூன்று மருத்துவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தால், அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒருசேரப் பார்த்தவர் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. இதய மருத்துவர் தாம் எழுதியதை அறிவார், மூட்டுவலிக்குப் பார்ப்பவர் தாம் எழுதியதை அறிவார். கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இருவருமே அறியார். ஆகவே அலமாரி, கைப்பை, தலையணையடி என எங்கெங்கோ கிடக்கும் மாத்திரை அட்டைகளையும், சொட்டு மருந்துகளையும், சூரணம், லேகியம் உட்பட அனைத்தையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, பெரியவரையும் அருகில் உட்காரவைத்துக்கொண்டு தொடங்குங்கள். எதை உண்மையில் சாப்பிடுகிறார், எதை நிறுத்திவிட்டார் என்பதை அவரே சொல்ல வேண்டும், கடிந்துகொண்டால் சொல்லமாட்டார்.

ஒவ்வொரு மருந்தையும் ஒரு தாளில் எழுதும்போது வணிகப் பெயரோடு நிறுத்தாமல், அட்டையில் அச்சிட்டிருக்கும் வேதிப் பெயரையும், மில்லிகிராம் அளவையும், வேளையையும், எதற்காகத் தரப்பட்டது என்பதையும் எழுதுங்கள். இந்த வேதிப் பெயரே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே பெரியவர் தனியார் மருத்துவரிடமும் காட்டினால், அரசு அட்டையில் ‘அம்லோடிபின்’ என்றும் தனியார் அட்டையில் ‘அம்லாங்’ அல்லது ‘ஸ்டாம்லோ’ என்றும் இருப்பதைப் பார்த்து, இரண்டும் வேறுவேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் விழுங்கிவிடக்கூடும். அளவு கூடினால் தலைசுற்றலும் கணுக்கால் வீக்கமும் வரலாம். அந்த வீக்கத்தைப் புதிய நோயாகக் கருதி, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டால், இரவில் கழிப்பறைக்கு எழும்போது கீழே விழும் அபாயம் அதிகமாகிறது. எனவே புதிதாக ஒரு தொல்லை தோன்றும்போதெல்லாம், அண்மையில் எந்த மருந்து சேர்ந்தது என்று முதலில் தாளைப் பாருங்கள்.

அடுத்து வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை, லோசார்டன், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்தோடும் சிறுநீர் பெருக்கியோடும் சேர்த்து உட்கொண்டால் சிறுநீரகம் திடீரென்று பழுதடையலாம். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்த நாட்களில் இது இன்னும் ஆபத்தானது. குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரைகள் முதியோரிடம் மனக்குழப்பத்தை உண்டாக்கக்கூடும், புராஸ்டேட் வீக்கமுள்ளவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடக்கூடும். இவற்றைக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

முடக்குவாதத்துக்கு (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) மெத்தோட்ரெக்சேட் தரப்பட்டிருந்தால் தனிக் கவனம் தேவை. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய அந்த மருந்தை நாள்தோறும் விழுங்கியதால் இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சை செயலிழந்து உயிரிழந்தவர்கள் உண்டு. ‘செவ்வாய் மட்டும்’ என்று கிழமையின் பெயரைத் தாளிலும் அட்டையிலும் பெரிதாக எழுதி, அதை மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வைத்து, வீட்டார் ஒருவரே கையில் எடுத்துக் கொடுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். முதியோரிடம் அது வியர்வையாகவோ நடுக்கமாகவோ வெளிப்படாமல், பேச்சுக் குழறலாகவும் தடுமாற்றமாகவும் மட்டுமே தெரியலாம். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள்; நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். தேறிய பின்னும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் இம்மருந்துகளின் விளைவு நெடுநேரம் நீடிப்பதால் சர்க்கரை மீண்டும் தாழக்கூடும்.

தாள் முடிந்ததும் எதையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மெட்டோப்ரோலால், ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரட்னிசோலோன், வலிப்பு மருந்துகள் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்துவதே தீங்காகும். தாளை மருத்துவரிடம் கொடுத்து, “இவற்றில் இன்னும் தேவைப்படாதது எது? இவருடைய கிரியாட்டினின் அளவுக்கு இந்த மருந்தளவுகள் சரியா?” என்று கேளுங்கள் (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை). ஒரு மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் புதிய தாளைத் தேதியிட்டு எழுதி, பழையதைக் கிழித்துப்போட்டு, புதியதைப் படமெடுத்து வீட்டிலுள்ள அனைவருடைய கைப்பேசியிலும் சேமித்துவையுங்கள்.